மூணாம் நாள் ராத்திரி யாரு இருப்பாங்க? (தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மறுவாழ்வு மையம் தேடுறவங்க படிக்க)

பாலக்கோட்டுக்காரர், 08.11.2025, சனி, காலை 7.20

வீட்டுல ஒருத்தர், 44 வயசு. தினமும் ரெண்டு குவார்ட்டர், லீவு நாள்ல மூணு. மூணு மாசம் உள்ள போட்டா தானா சரியாயிடும்னு சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே பேச்சு. ஓசூர் போற வழியில ஒரு மையம், 90 நாள் பேக்கேஜ். வண்டியும் ஆளும் அவங்களே அனுப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்களாம். இன்னிக்கே அனுப்பிடலாம்னு இருக்கோம். நல்ல மையம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரவுப்பணி, 08.11.2025, காலை 7.55

இன்னிக்கு வேண்டாம். காரணம் நாள், நட்சத்திரம் இல்ல. இன்னிக்குச் சனிக்கிழமை.

கணக்கு இப்படி. டாஸ்மாக் ராத்திரி பத்து மணிக்கு மூடுது. வெள்ளி ராத்திரி பத்துக்குக் கடைசிக் குவார்ட்டர்னு வைங்க. சனி காலைல ஆறு மணிக்குக் கை நடுங்கும், வாந்தி வரும், வேர்க்கும். அன்னிக்கு ராத்திரிக்குள்ள இல்லாத பூச்சி சுவத்துல ஊர்றது தெரியலாம், யாரோ கூப்பிடுற சத்தம் கேட்கலாம். 24 மணி நேரம் தாண்டினா வலிப்பு. 48 மணி நேரத்துல இருந்து 96 மணி நேரம் வரைக்கும்தான் நிஜமான ஆபத்து: ஆள் அடையாளம் தெரியாது, நேரம் இடம் தெரியாது, காய்ச்சல், படபடப்பு, கட்டில்ல இருந்து குதிச்சு ஓடுறது. இதுக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ்னு பேரு. வைத்தியம் இல்லாம விட்டா உயிர் போகும்.

வெள்ளி ராத்திரியில இருந்து 48 மணி நேரம்னா ஞாயிறு ராத்திரி பத்து மணி. அந்த நேரத்துல அந்த மையத்துல டாக்டர் இருப்பாரா, நர்ஸ் இருப்பாங்களா, இல்ல கேட்டைப் பூட்டிட்டுப் பழைய நோயாளி ஒருத்தர் காவலுக்கு உக்காந்திருப்பாரா? போன் பண்ணிக் கேளுங்க. நல்ல மையமான்னு தெரிய வேற கேள்வியே தேவைப்படாது. 

ஓசூர் ஜெனரல் ஷிப்ட், 08.11.2025, காலை 8.30

ரெண்டு குவார்ட்டர் எல்லாம் ஒரு குடியா? எங்க லைன்ல அதுக்கு 'டீ பிரேக்'னு பேரு. ஒரு குவார்ட்டருக்கு 8 யூனிட்னு எங்கயோ படிச்சேன், சரியா?

மருந்துச் சீட்டு, 08.11.2025, காலை 9.05

8 இல்ல, 6. பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். 180 மில்லியில 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஒரு மில்லி 0.789 கிராம், ஆக 60.8 கிராம். நம்ம நாட்டுல ஒரு யூனிட்டை 10 கிராம்னு வைக்கிறாங்க. அப்ப ரெண்டு குவார்ட்டர்னா 12 யூனிட், 120 கிராம், தினமும். டீ பிரேக் இல்ல தம்பி.

'நான் பீர் மட்டும்தான்'னு சொல்றவங்களுக்கு: 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம்னா 41 கிராம். மூணு பீர் அடிச்சா ரெண்டு குவார்ட்டரைத் தாண்டியாச்சு. கர்நாடக எல்லையில அத்திப்பள்ளி தாண்டி வாங்கிட்டு வர்ற 90 மில்லி பாக்கெட் ஒண்ணு 3 யூனிட். டாக்டர்கிட்ட 'கொஞ்சமா', 'அளவா'ன்னு சொல்லாதீங்க. எத்தனை குவார்ட்டர், எந்த மணிக்குக் கடைசின்னு சொல்லுங்க. அதை வச்சுத்தான் மாத்திரை அளவு.

பாலக்கோட்டுக்காரர், 08.11.2025, காலை 9.40

அப்ப திங்கட்கிழமை வரைக்கும் என்ன பண்றது? நேத்து ராத்திரி குடிச்சது. இப்ப பாட்டிலை ஒளிச்சு வச்சுட்டோம்.

இரவுப்பணி, 08.11.2025, காலை 9.52

எடுத்துக் குடுத்துடுங்க.

கேட்கக் கஷ்டமா இருக்கும், தெரியும். ஆனா தினமும் 120 கிராம் போற உடம்புக்கு மருந்தில்லாம திடீர்னு நிறுத்துறது குடிக்கிறதை விட ஆபத்து. ரெண்டு நாள் வழக்கமான அளவு போகட்டும், ஏத்தவும் வேண்டாம். சோறு சாப்பிட வைங்க, தண்ணி குடிக்க வைங்க, வண்டிச் சாவியை வாங்கி வைங்க. திங்கள் காலைல வெறும் வயித்தோட தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவு ஓ.பி.க்கு வாங்க. கிருஷ்ணகிரி பக்கம்னா அங்கயும் மருத்துவக் கல்லூரி இருக்கு, 2022-ல திறந்தது.

இடையில கை நடுக்கம் கூடி டம்ளர் பிடிக்க முடியலைன்னாலோ, உளறினாலோ, வலிப்பு வந்தாலோ ஓ.பி. நேரம் பார்க்க வேண்டாம். 108, நேரா அவசரப் பிரிவு. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையில சாவி, இரும்பு எதுவும் குடுக்காதீங்க, வாயில எதையும் திணிக்காதீங்க. எத்தனை நிமிஷம்னு மணியைப் பாருங்க.

இரவுப்பணி, 08.11.2025, பகல் 1.15

காலைல எழுதினதுல ஒரு திருத்தம். வலிப்பு 24 மணி நேரத்துக்கு மேலதான்னு படிக்கிற மாதிரி எழுதிட்டேன். தப்பு. 6 மணி நேரத்துல இருந்தே வரலாம், 48 மணி நேரம் வரைக்கும் கவனிக்கணும். முன்னாடி ஒரு தடவை நிறுத்தும்போது வலிப்பு வந்தவங்களுக்கு அடுத்த தடவை சீக்கிரமாவும் பலமாவும் வரும். அதனால டாக்டர்கிட்ட போனதும் முதல்ல சொல்ல வேண்டியது, 'இதுக்கு முன்ன நிறுத்தினப்ப என்ன ஆச்சு' என்பது.

சட்டம் 89, 08.11.2025, மாலை 4.30

'வண்டியும் ஆளும் அனுப்புவாங்க'ன்னு எழுதியிருக்கீங்களே, அதைப் பத்தி யாரும் பேசல.

மது, போதைப் பழக்கத்தோட சேர்ந்த மனநிலைக் கோளாறும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள்ள வருது. ஆக மறுவாழ்வு மையம்னு போர்டு போட்டாலும் மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கணும். பதிவுச் சான்றை ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்காங்களான்னு பாருங்க, தேதியையும் படிங்க. தற்காலிகப் பதிவு 12 மாசம்தான் செல்லும். பதிவில்லாம நடத்தினா முதல் தடவை 5,000-ல இருந்து 50,000 ரூபாய் வரை அபராதம், மூணாவது தடவையில இருந்து 5 லட்சம் வரை போகும்.

சம்மதத்தோட போறவர் பிரிவு 86-ல சேர்றார். அவர் கேட்டா வெளிய விடணும். மனநல நிபுணர் பரிசோதிக்கிறதுக்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். சம்மதம் இல்லாதவரைச் சேர்க்க பிரிவு 89. அதுக்கு நியமனப் பிரதிநிதி (அவர் சார்பா முடிவெடுக்க உதவுற ஆள்) எழுதித் தரணும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ, சேர்க்குற அன்னிக்கோ அதுக்கு முந்தின 7 நாளுக்குள்ளயோ தனித்தனியாப் பார்த்திருக்கணும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, இல்லைன்னா தன்னைத் தானே கவனிச்சுக்க முடியாத நிலைன்னு அவங்க எழுதணும். 'தினமும் குடிக்கிறார், பேச்சுக் கேட்க மாட்டேங்கிறார்' மட்டும் போதாது. அப்படியே சேர்த்தாலும் 30 நாள் வரைதான், 7 நாளுக்குள்ள மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போகணும். பெண்கள், சிறுவர்கள்னா 3 நாள்.

இப்ப ராத்திரி நாலு பேர் ஆம்னியில வந்து கையைக் காலைக் கட்டித் தூக்கிட்டுப் போறது இதுல எந்தப் பிரிவுல வருதுன்னு நீங்களே தேடிப் பாருங்க. 90 நாள் பேக்கேஜும் முதல் நாளே எழுதி வாங்குற கையெழுத்தும் 89-ல பொருந்தாது.

ஓசூர் ஜெனரல் ஷிப்ட், 08.11.2025, மாலை 5.10

சார், ஆள் வர மாட்டேன்னா?

சட்டம் 89, 08.11.2025, மாலை 5.45

வர மாட்டேங்கிறவர்ல பாதிப் பேர் 'ஆஸ்பத்திரிக்கு' வருவாங்க, 'மையத்துக்கு'த்தான் வர மாட்டாங்க. வயித்து வலி, தூக்கமில்லை, கை நடுக்கம்னு கூட்டிட்டுப் போங்க. அது பொய்யும் இல்ல, எல்லாம் இருக்குறதுதான்.

இன்னொண்ணு. சங்கிலி போடுறது எந்த வடிவத்துல இருந்தாலும் பிரிவு 95-ல தடை. மொட்டை அடிக்கிறது, சீருடைதான் போடணும்னு கட்டாயப்படுத்துறது, கூலியில்லாம வேலை வாங்குறது பிரிவு 20-க்கு எதிர். 'அங்க மாடு கழுவ விடுறாங்க, ஒழுக்கம் வந்துடும்'னு பெருமையாச் சொல்ற உறவுக்காரங்க படிக்கவும். வீட்டுக்குப் போன் பேச விடணும், பார்க்க விடணும், அது பிரிவு 26. மருத்துவப் பதிவேட்டைக் கேட்டா காட்டணும், அது 25. வக்கீல் வைக்க முடியலைன்னா மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100.

பேச்சறை, 09.11.2025, ஞாயிறு, காலை 11.00

எல்லாரும் நச்சு இறக்குறதைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. சரிதான். ஆனா கேள்வி கேட்டவர் மனசுல இருக்குறது வேற: 90 நாள்ல என்ன நடக்கும்?

இது மூணு வேலை. முதல் வேலை உடம்பைக் குடியில இருந்து பத்திரமா இறக்குறது, 5 முதல் 10 நாள். இது ஆஸ்பத்திரி வேலை. ரெண்டாவது, தங்கிப் பழக்கம் மாத்துறது, 30 முதல் 90 நாள். இதுதான் மறுவாழ்வு மையம். மூணாவது வீட்டுக்கு வந்தப்புறம் தொடர்ந்து பார்க்குறது, குறைஞ்சது ஒரு வருஷம். நம்ம பக்கம் குடும்பங்க ரெண்டாவதுக்கு மட்டும் வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டுறாங்க. முதலாவதைத் தாண்டிக் குதிக்கிறாங்க, மூணாவதை மறந்துடுறாங்க. அரசு ஆஸ்பத்திரியில முதலாவதும் மூணாவதும் இலவசம்கிறதுதான் வேடிக்கை.

ஒரு ஒழுங்கான மையத்துல நாள் எப்படிப் போகும்: அஞ்சரை ஆறுக்கு எழுந்திரிப்பு, உடற்பயிற்சி, ஒன்பதரைக்கு வகுப்பு (குடி மூளையில என்ன பண்ணுது, ஏன் ஆசை வருது, கோபத்தை எப்படிக் கையாளுறது), பதினொண்ணுக்குக் குழுப் பேச்சு, 8 முதல் 12 பேர். மத்தியானம் ஓய்வு, அப்புறம் தனி ஆலோசனை. வாரத்துக்கு ரெண்டு தனி ஆலோசனையாவது இருக்கணும், அதுக்கு ஃபைல்ல தேதியோட குறிப்பு இருக்கணும். சாயங்காலம் விளையாட்டு, ராத்திரி ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க கூடிப் பேசுற அமைப்பு) கூட்டம் மாதிரிப் பகிர்வு. வாரம் ஒரு நாள் குடும்பத்தோட உக்காரணும். குடும்ப வகுப்பே இல்லாத மையம்னா அது லாட்ஜ்.

எது கெட்டுப்போகும்? முதல் வாரம் எதுவும் மண்டையில ஏறாது. மாத்திரை மயக்கத்துல இருக்குறவரை வகுப்புல உக்கார வச்சு 'கவனிக்கல'ன்னு திட்டுறது. மூணாவது வாரம் உடம்பு தேறினதும் 'எனக்கு ஒண்ணும் இல்ல, இனிமே தொட மாட்டேன், விடுங்க'ன்னு சொல்றது. அந்த நேரத்துல வீட்டுக்காரங்க இளகி விட்டுடுறாங்க. ரெண்டாவது மாசம் சலிப்பு. மையத்துல ஆலோசகர் குறைவுன்னா அப்ப வகுப்பு நின்னு டிவி ஓடும்.

மருந்துச் சீட்டு, 09.11.2025, மதியம் 12.40

முதலாவது வேலையில மாத்திரை என்னன்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். பொதுவா குளோர்டயசெபாக்சைடு (லிப்ரியம்னு சொல்வாங்க). கல்லீரல் கெட்டிருந்தா லோரசெபாம். தினமும் அளவைக் குறைச்சு 5 முதல் 7 நாள்ல நிறுத்தணும். நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம்னு 10 அம்சம் பார்த்து மதிப்பெண் போட ஒரு அளவுகோல் இருக்கு, மொத்தம் 67. அந்தத் தாளை நாலைஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிரப்புற இடம்தான் கவனிக்கிற இடம்.

வீட்டுக்கு வந்தப்புறமும் 'தூக்க மாத்திரை'ன்னு இதையே மாசக்கணக்குல வாங்கிச் சாப்பிடறவங்க உண்டு. பாட்டில் போய் அட்டை வந்த கதை. டிஸ்சார்ஜ் சீட்டுல இந்த மாத்திரை எத்தனை நாளைக்குன்னு எழுதியிருக்கணும்.

ஓசூர் ஜெனரல் ஷிப்ட், 09.11.2025, மதியம் 1.20

சோத்துல கலந்து குடுக்குற பவுடர் ஒண்ணு இருக்காமே? பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் ஒட்டியிருந்தான், 'குடிப்பவருக்குத் தெரியாமல்'னு.

மருந்துச் சீட்டு, 09.11.2025, மதியம் 2.00

அந்தப் பவுடர்ல என்ன இருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது. அதுல டைசல்ஃபிரம் மாதிரி ஏதாவது இருந்தா விஷயம் பெருசு. டைசல்ஃபிரம் போட்டுக் குடிச்சா முகம் சிவக்கும், மூச்சு முட்டும், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகும். அதனாலதான் தெரியாம குடுக்கவே கூடாதுன்னு விதி. முறையாக் குடுத்தா வேலை செய்யும் மருந்துதான்: கடைசிக் குடியில இருந்து குறைஞ்சது 12 மணி நேரம் கழிச்சு, கல்லீரல் டெஸ்ட் பார்த்து, வழக்கமா 250 மி.கி., நோயாளி கையெழுத்துப் போட்டு, வீட்டுல ஒருத்தர் கண் முன்னாடி விழுங்கணும். நிறுத்தினாலும் 14 நாள் வரைக்கும் குடிச்சா எதிர்வினை வரும்.

கவனிக்க வேண்டியது: சில இருமல் டானிக், ஷேவிங் லோஷன், மவுத்வாஷ். நாட்டு மருந்துக் கடை அரிஷ்டங்கள்லயும் தானா ஊறின ஆல்கஹால் இருக்கு. 'டானிக்தானே'ன்னு தசமூலாரிஷ்டம் குடுத்துடாதீங்க.

ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் 50 மி.கி. இருக்கு. வலி மாத்திரைப் போதைப் பழக்கம் இருந்தா 7 முதல் 10 நாள் சுத்தமா இல்லாம குடுக்கக் கூடாது. இன்னொண்ணு அகாம்ப்ரோசேட், 333 மி.கி. ரெண்டு ரெண்டா மூணு வேளை. சிறுநீரகம் பார்த்துத்தான். எதையும் நெட்டுல பார்த்து வாங்காதீங்க. நான் எழுதுறது சீட்டு படிக்க, சீட்டு எழுத இல்ல.

இரவுப்பணி, 09.11.2025, இரவு 8.10

வைட்டமின் பி1-ஐ விட்டுட்டீங்களே. குடிக்கிறவங்க உடம்புல தயமின் வறண்டிருக்கும். 'ஆள் டல்லா இருக்கார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க'ன்னு தெருமுனை கிளினிக்ல ஏத்துவாங்க. தயமின் இல்லாம குளுக்கோஸ் ஏறினா இருக்குற கொஞ்சமும் தீர்ந்துடும். குழப்பம், கண் அசைவுல கோளாறு, நடை தள்ளாட்டம், இதுக்கு வெர்னிக்கின்னு பேரு. குடிச்சிருக்கான்னு நினைச்சு விட்டுடுவாங்க. அப்புறம் ஞாபகமே திரும்பாது. முதல்ல தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். மாறவே கூடாது.

மருந்துச் சீட்டு, 09.11.2025, இரவு 8.45

அக்கா, 'மாறவே கூடாது'ன்னு போடாதீங்க. சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்குறவருக்குத் தயமின் தேடிக்கிட்டு நிக்க முடியாது. குளுக்கோஸை உடனே குடுக்கணும், தயமினைக் கூடவே போடணும்.

இரவுப்பணி, 09.11.2025, இரவு 9.00

சரி. ஏத்துக்கிறேன். விரல்ல குத்தி சர்க்கரை பார்க்காம எதையும் ஏத்தாதேன்னு மாத்திக்கலாம்.

சாப்பாடும் சொல்லிடறேன். நம்ம ஊர்ல 'களி போட்டா தெம்பு'ன்னு மையத்துக்கே தூக்குல எடுத்துட்டு வருவாங்க. களி நல்லதுதான், ஆனா மாத்திரை மயக்கத்துல இருக்குறவருக்கு உருண்டை களி தொண்டையில நிக்கும், மூச்சுக்குழாய்க்குப் போகும். முதல் மூணு நாள் கஞ்சி, இட்லி, மோர், முட்டை, கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை. ஆள் தெளிவா உக்காந்து பேசுறப்ப களியும் கீரைக் குழம்பும் போடுங்க, யாரும் தடுக்க மாட்டாங்க.

பாலக்கோட்டுக்காரர், 10.11.2025, திங்கள், மாலை 6.30

தருமபுரியில சேர்த்தாச்சு. ரத்தம் எடுத்திருக்காங்க. கல்லீரல் டெஸ்ட், தட்டணு (பிளேட்லெட்), சர்க்கரை, சோடியம் பொட்டாசியம், கிரியாட்டினின், மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. எல்லாம் எழுதியிருக்கு. இத்தனை எதுக்கு?

இரவுப்பணி, 10.11.2025, இரவு 11.20

தட்டணு குறைஞ்சிருந்தா கல்லீரல் இறுகியிருக்கான்னு பார்ப்பாங்க. பொட்டாசியம், மக்னீசியம் குறைஞ்சா இதயத் துடிப்பு தடம் மாறும், வலிப்பும் வரும். கல்லீரல் எப்படின்னு தெரிஞ்சாத்தான் எந்த மாத்திரைன்னு முடிவாகும். ஃபைலைப் பத்திரமா வைங்க. மையத்துக்குப் போறப்ப இதே காகிதம் வேணும், இல்லைன்னா அங்க மறுபடி எடுத்து பில்லுல சேர்ப்பாங்க.

ஞாயிறு ராத்திரி கடைசிக் குடின்னா புதன் ராத்திரிதான் மூணாம் நாள், அன்னிக்கு அவர்கூட ஒருத்தர் முழிச்சு இருங்க. வார்டுல நர்ஸ் இருந்தாலும் ஒருத்தருக்கு ஒருத்தர்னு இருக்க மாட்டாங்க.

பேச்சறை, 13.11.2025, காலை 10.15

இன்னும் நாலு நாள்ல கார்த்திகை ஒண்ணு. வருஷா வருஷம் நடக்குற ஒண்ணைச் சொல்லணும். ஐப்பசி கடைசி ராத்திரி வரைக்கும் குடிச்சுட்டு, விடியக்காலைல குளிச்சு மாலை போடுறது. பக்தியில குறை சொல்லல. ஆனா உடம்புக்குக் கார்த்திகை தெரியாது. நவம்பர் 17 காலைல மாலைன்னா 17, 18 தேதிகள்ல நடுக்கம், வலிப்பு. சாமி வந்திருச்சுன்னு சூடம் காட்டிக்கிட்டு இருப்பாங்க.

தினமும் குடிக்கிறவர் மாலை போடணும்னா முன்னாடியே டாக்டரைப் பார்த்து, மாத்திரையோட இறக்கி, அப்புறம் போடலாம். கோயில்ல கயிறு கட்டுறவங்களுக்கும் இதேதான். மாத்திரை சாப்பிட்டா விரதம் கெடாது.

ஓசூர் ஜெனரல் ஷிப்ட், 13.11.2025, காலை 10.50

மண்டலம் முழுக்க தொடாம இருக்குறவன் அடிமையே இல்லன்னு எங்க குருசாமி சொல்றாரு.

பேச்சறை, 13.11.2025, காலை 11.30

மாலை கழட்டுற அன்னிக்குச் சாயங்காலம் என்ன பண்றாங்கன்னு குருசாமியைக் கேளுங்க.

நிறுத்த முடியறது வேற, நிறுத்தினபடியே இருக்க முடியறது வேற. விரத நாள்ல மொத்த ஊரும் அவரைச் 'சாமி'ன்னு கூப்பிடுது, கூட விரதக்காரங்க இருக்காங்க, தினமும் ரெண்டு வேளை பூஜை, இறைச்சி வீடு, சாவு வீடு போறதில்லை. அதுவே ஒரு நல்ல மறுவாழ்வுத் திட்டம். கழட்டினதும் இத்தனையும் ஒரே நாள்ல போயிடுது, பதிலுக்கு ஒண்ணும் வர்றதில்லை. அதை வச்சு மையத்துல சொல்லிக் கொடுத்தா நல்லாப் புரியுது. 'உங்களுக்குப் பழக்கமில்லாதது இல்ல, இதை நீங்க ஏற்கெனவே செஞ்சவர்'னு.

பாலக்கோட்டுக்காரர், 17.11.2025, இரவு 9.00

நாளைக்கு டிஸ்சார்ஜ். அவரே 'ஒரு மாசம் எங்கயாவது இருந்துட்டு வர்றேன்'கிறார். மையத்துக்கு என்ன கேட்கணும்? சுருக்கமாச் சொல்லுங்க.

பேச்சறை, 17.11.2025, இரவு 9.40

சுருக்கமா முடியாது, ஆனா முயற்சி பண்றேன். போன்ல கேட்காதீங்க, நேர்ல போங்க. சொல்லாமப் போங்க, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல. தட்டைப் பாருங்க, கழிவறையைப் பாருங்க. எத்தனை பேருக்கு எத்தனை ஆலோசகர்னு கேளுங்க. மனநல மருத்துவர் வாரத்துல எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வர்றார்னு கேளுங்க. 'ஆன் கால்'னு சொன்னா கடைசியா எந்தத் தேதியில வந்தார்னு பதிவேட்டுல காட்டச் சொல்லுங்க. ராத்திரி நர்ஸ் யாருன்னு பேரைக் கேளுங்க. அவசரம்னா எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நிமிஷம், எந்த வண்டி? மலைப்பக்கம் இருக்குற மையம்னா இது இன்னும் முக்கியம். அஞ்செட்டி ரோட்டுல ராத்திரி வண்டி கிடைக்காது.

கட்டணம் எழுத்துல வேணும். மருந்து, டெஸ்ட் தனியா சேர்ந்தா? நடுவுல வந்துட்டா மீதி திரும்புமா? மூணு மாசம் மொத்தமா முன்பணம் கேட்டா, அவங்களுக்கு அவர் தங்குறது முக்கியம், தேறுறது இல்ல. 'நூத்துக்கு நூறு கியாரண்டி'ன்னு போர்டு இருந்தா உள்ள போகாமலே திரும்பலாம்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் உதவியில தொண்டு நிறுவனங்கள் நடத்துற மையங்கள் இருக்கு, அங்க சிகிச்சை இலவசம். பக்கத்துல எங்கன்னு போதை மீட்பு உதவி எண் 14446-ல கேட்கலாம். தமிழ்நாடு அரசு 2025-ல ஆரம்பிச்ச 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள் பத்தி உங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுலயே கேளுங்க. கொஞ்சம் செலவு பண்ண முடியும்னா பெங்களூரு நிம்ஹான்ஸ்ல போதை மருத்துவத்துக்குத் தனி மையமே இருக்கு. கிருஷ்ணகிரியில இருந்து 90 கிலோமீட்டர் சுமார், நேர் ரோடு. சென்னையில டி.டி.கே. ஆஸ்பத்திரி இருக்கு, அதை நடத்துற அமைப்பு 1980-ல சாந்தி ரங்கநாதன் ஆரம்பிச்சது. குடும்பத்தையும் சேர்த்து உக்கார வைக்கிறதுல அங்க பேரு.

சட்டம் 89, 17.11.2025, இரவு 10.05

காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீங்க. பாலிசியில 'எக்ஸ்க்ளூஷன் 12'னு ஒரு வரி இருக்கும்: குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் கிடையாது. மையத்துக்காரங்க 'கிளைம் வாங்கித் தர்றோம்'னா வேற நோய் பேரு போடப் போறாங்கன்னு அர்த்தம். பின்னாடி அந்தப் பேரு அவர் ஃபைல்லயே நிக்கும்.

இரவுப்பணி, 18.11.2025, காலை 6.10

பையில வைக்க: நாலு லுங்கி, துண்டு, செருப்பு, பிரஷர், சர்க்கரை மாத்திரை எல்லாம் சீட்டோட, ஆஸ்பத்திரி ஃபைல் நகல், ஆதார் நகல். வைக்கக் கூடாதது: சென்ட், மவுத்வாஷ், ஷேவிங் லோஷன், பிளேடு. பணத்தை ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்குங்க.

முதல்ல ஒரே கேள்வி போதும்னேன். பேச்சறை எழுதினதைப் படிச்சப்புறம் ரெண்டு. ராத்திரி யாரு? வெளிய வந்தப்புறம் யாரு?

ஓசூர் ஜெனரல் ஷிப்ட், 26.11.2025, இரவு 11.50

விளையாட்டா எழுதிட்டிருந்தேன், இது விளையாட்டு இல்ல. 22 வயசுப் பையன், குடி இல்ல, மாத்திரை. வலி மாத்திரையைத் தண்ணில கரைச்சு ஊசி போட்டுக்கிறான்னு தெரியுது. இவனுக்கும் இதே மையம்தானா?

மருந்துச் சீட்டு, 27.11.2025, காலை 7.00

கணக்கே வேற. டபென்டடால் மாதிரி வலி மாத்திரை அபின் வகை. நிறுத்தினா உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வயித்துப்போக்கு, தூக்கமே இருக்காது. பார்க்கப் பயங்கரமா இருக்கும். ஆனா குடி மாதிரி வலிப்பு, டெலிரியம் பொதுவா வராது. ஆபத்து பின்னாடி இருக்கு. 30 நாள் உள்ள இருந்து சுத்தமா வந்தவனுக்கு உடம்போட தாங்கு சக்தி போயிருக்கும். வந்த முதல் வாரம் பழைய அளவையே போட்டான்னா மூச்சு நின்னுடும். 'அடைச்சு வச்சு வெளிய விடுறது' மட்டும் இவனுக்குச் சாவுக்கு வழி.

இதுக்கு நாக்குக்கு அடியில வைக்கிற புப்ரினார்ஃபின் இருக்கு, மாசக்கணக்குல, வருஷக்கணக்குல கூட. மனநல மருத்துவர் மேற்பார்வையிலதான். கடைசி மாத்திரை போட்டு உடம்பு முறுக்க ஆரம்பிச்சப்புறம்தான் முதல் அளவு. முன்னாடியே வச்சா முறுக்கல் பல மடங்காகும். மாத்திரையோட பொடி, மாவு ரத்தக் குழாயை அடைக்கும், கை புண்ணாகும். ஊசியைப் பகிர்ந்திருந்தா எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி மூணும் டெஸ்ட்.

சட்டம் 89, 27.11.2025, காலை 9.20

போலீஸ் பயத்துல ஒளிச்சு வைக்காதீங்க. சொந்த உபயோகத்துக்குச் சின்ன அளவு வச்சிருந்த வழக்குன்னா, தானா முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்துல சிகிச்சை எடுக்குற அடிமைக்கு போதைப்பொருள் சட்டம் 64ஏ-ல விலக்கு இருக்கு. சிகிச்சையை முழுசா முடிக்கலைன்னா அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். இது விக்கிறவனுக்குப் பொருந்தாது.

பேச்சறை, 20.12.2025, மாலை 5.00

பாலக்கோட்டுக்காரர் மெசேஜ்ல கேட்டார், எல்லாருக்கும் ஆகும்னு இங்கயே எழுதறேன். வெளிய வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே திட்டம் எழுத்துல இருக்கணும். 'மனசு உறுதியா இருக்கணும்' திட்டம் இல்ல. எந்த பஸ்ஸுல வேலைக்குப் போறது, அந்த ஸ்டாப்புல கடை இருந்தா முந்தின ஸ்டாப்புல இறங்குறது. சனிக்கிழமைக் கூலி யார் கையில. ஏடிஎம் அட்டை யார்கிட்ட. பழைய கூட்டாளி போன் பண்ணினா என்ன வார்த்தை சொல்றது, அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகணும். சாவு வீட்டுக்குப் போனா எப்பக் கிளம்புறது. கெடா வெட்டுக்கு எந்த வருஷம் வரை போகாம இருக்குறது.

பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலுல ரெண்டு சேர்ந்தா ஆசை வரும். ஆசை அலை மாதிரி, இருபது முப்பது நிமிஷத்துல தணியும். அந்த நேரத்துக்குக் கூப்பிட மூணு நம்பர் பர்ஸ்ல எழுதி வைக்கணும். போன்ல மட்டும் இருந்தா சார்ஜ் இருக்காது. ராத்திரியில 14416 டெலிமனாஸ் (அரசு மனநல உதவி எண்), தமிழ்லயே பேசலாம். ஏஏ கூட்டத்துக்குக் காசு கிடையாது, பேரும் முழுசாச் சொல்ல வேண்டாம்.

சறுக்கிட்டா? ஒரு குவார்ட்டர்ல நின்னு மறுநாளே ஆலோசகர்கிட்ட வர்றது சறுக்கல். 'போச்சு, இனி என்ன'ன்னு ஒரு மாசம் ஓட்டுறது விழுகை. வீட்டுல அடிக்க வேண்டாம், அழ வேண்டாம், ஃபைலை எடுத்துக்கிட்டு ஓ.பி.க்குக் கூட்டிட்டு வாங்க. வீட்டுப் பெண்களை அடிக்கிற நிலைன்னா அது வேற, பெண்கள் உதவி எண் 181.

பாலக்கோட்டுக்காரர், 09.01.2026, காலை 8.15

50 நாள் தாண்டிடுச்சு, நல்லா இருக்கார். பொங்கலுக்கு நாலு நாள் லீவு கேட்கிறார், மையத்துல 'உங்க இஷ்டம்'கிறாங்க. கூட்டிட்டு வரலாமா?

பேச்சறை, 09.01.2026, காலை 9.00

நாலு நாள் வேண்டாம், ரெண்டு நாள். ராத்திரி வீட்டுல எத்தனை பேர் இருப்பீங்க? மாடு பூட்டுற வேலை, வெள்ளையடிக்கிற வேலை ஏதாவது அவர் பேர்ல இருக்கட்டும், சும்மா திண்ணையில உக்கார வைக்காதீங்க. வர்ற வழியில பஸ் ஸ்டாண்டுல நிக்க வைக்காம வண்டியில கூட்டிட்டு வாங்க. மாத்திரை அட்டையை எண்ணி வாங்குங்க.

ஓசூர் ஜெனரல் ஷிப்ட், 09.01.2026, காலை 9.25

16-ந் தேதி திருவள்ளுவர் தினம், கடை லீவு. பயப்பட வேண்டாம்.

இரவுப்பணி, 09.01.2026, இரவு 10.40

லீவுன்னா எல்லாரும் 15-ந் தேதி சாயங்காலமே ரெண்டு நாளுக்குச் சேர்த்து வாங்கி வைப்பாங்க. 15 சாயங்காலம் ஆறுல இருந்து பத்து வரைக்கும் அவர்கூட ஒருத்தர் இருங்க. 17 காலைல நீங்களே கொண்டு போய் விடுங்க.